ஐந்தாம் நம்பர் மலை

மலையகத் தோட்டம் என்றவுடன் தேயிலையை மாத்திரம் நினைத்துக்கொள்வோருக்கு நான் பிறந்த இடம் சற்று விசித்திரமாகத் தோன்றக்கூடும். மாத்தளைப் பக்கத்திலே, கொக்கோவும் றப்பரும் கலந்து நின்ற ஒரு தோட்டத்தின் லயத்தில் நான் பிறந்தேன். தேயிலை மலையில் வானம் தெரியும். கொக்கோ மலையில் வானம் தெரியாது. உயரத்தில் றப்பரும் பலாவும். அவற்றின் கீழே முள்முருக்கு. அதற்கும் கீழே, தன் அடிமரத்திலேயே பூவும் காயும் தாங்கி நிற்கும் கொக்கோ. நடுப்பகலிலும் அங்கே ஓர் அந்திப்பொழுது தங்கியிருக்கும். கால் வைத்த இடமெல்லாம் சருகு.

இந்த மரத்தை எங்கள் முன்னோர் விரும்பி நடவில்லை. நடச் சொன்னார்கள், நட்டார்கள். 1869 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. துரைமார் உயர்ந்த மலைகளில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் தாவினர். மாத்தளை, தும்பறை, குருநாகல் பக்கத்துத் தாழ்ந்த மலைகளில் கொக்கோவை வைத்தனர். பயிர் மாறியது. காம்பிராவும் பிரட்டுக்களமும் மாறவில்லை.

என் தாயார் காய் பறிப்பவர். தகப்பனார் மருந்தடிப்பவர். இவ்விருவருக்கும் நடுவே ஒரு பூச்சியும் ஓர் எறும்பும் புகுந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எறும்பு முதலில். கொக்கோ இலைகளைப் பட்டுநூல் போன்ற ஓர் இழையால் ஒட்டிப் பந்துபோலக் கூடு கட்டும் செந்நிற எறும்பு. நாங்கள் அதனை முசுறு என்போம். அண்டைக் கிராமத்துச் சிங்கள மக்கள் திமியா என்பர். கொக்கைத்தடியை உயர்த்திக் காயின் காம்பில் கொளுவி இழுத்தால், காய் விழுவதற்கு முன்னரே முசுறு கொட்டும். அம்மா மாலையில் வீடு திரும்பும்போது கழுத்தும் கையிடுக்கும் சிவந்து தடித்திருக்கும். எறும்பு கடித்த வேகத்தில் சேலையை உதறப்போய் ஒரு முறை சரிவில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவர் அவர். ஆகையால் முசுறு எங்கள் வீட்டில் ஒரு வசைச்சொல். பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்ட பெருமைகளை அதன்மேல் ஏற்றுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது நியாயம்.

1968 ஆம் ஆண்டில், எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, ஐந்தாம் நம்பர் மலையின் நிழல் மரங்களை வெட்டும்படி உத்தரவு வந்தது. புதிதாக வந்திருந்த துரை சுறுசுறுப்பானவர். நிழலை எடுத்து உரம் போட்டால் காய் இரட்டிக்கும் என்று கணக்கப்பிள்ளை பிரட்டுக்களத்தில் விளக்கினாராம். அந்த யோசனையின் மூலம் எங்கேயிருந்திருக்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் ஊகிக்க முடிந்தது. மேற்காபிரிக்காவில், கானா நாட்டின் தாபோ ஆராய்ச்சி நிலையத்தில், 1950களின் பிற்பகுதியில் ஒரு பரிசோதனை நடந்தது. நிழலை முற்றாக அகற்றி உரமிட்ட பாத்திகள், நிழலில் நின்றவற்றைப் பார்க்கிலும் மும்மடங்குக்குக் குறையாமற் காய்த்தன. அந்தச் செய்தி கொக்கோ விளையும் நாடெங்கும் பரவிற்று. ஆனால் அதே பாத்திகளில் சில ஆண்டுகள் கழித்து விளைச்சல் இறங்கத் தொடங்கியது என்ற பிற்பாதிச் செய்தி முற்பாதியைப் போல் வேகமாகப் பரவவில்லை. அந்தப் பாத்திகளுக்கு உரமும் மருந்தும் ஆராய்ச்சியாளரின் கண்காணிப்பும் தடையின்றிக் கிடைத்தன என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது கோடரி மாத்திரமே. உரம் ஒரு தடவை வந்தது.

முதலாம் ஆண்டு காய்த்தது உண்மை. வெயில் பட்ட மரங்கள் அடியிலிருந்து உச்சிவரை பூத்தன. புதிய துளிர்கள் சிவந்து பொங்கின. பெரிய கங்காணி மலையைச் சுற்றிவந்து மகிழ்ந்தார். அந்தத் துளிரைத் தேடித்தான் பூச்சியும் வந்தது.

கொசுவைப் போல் மெலிந்து, நீண்ட கால்களோடு இருக்கும் அது. ஆனால் கொசுவன்று, மூட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. ஹெலொபெல்ட்டிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதன் முதுகில் ஒரு குண்டூசி குத்தி நிறுத்தியதுபோல் ஒரு சிறு முள் நிமிர்ந்து நிற்கும். சிறுவர்களாகிய நாங்கள் அந்தக் குண்டூசியை எண்ணித்தான் பூச்சியை எண்ணுவோம். இளங்காயிலும் துளிரிலும் ஊசிவாயைச் செருகி உறிஞ்சும். உறிஞ்சிய இடம் முதலில் நீர் கோத்தாற்போல் தெரியும். பின் கறுத்து வட்டமாகக் குழிந்துவிடும். பிஞ்சில் பத்துப் பதினைந்து குத்து விழுந்தால் அது கருகித் தொங்கும். பெரிய காயானால் தோல் வெடித்துக் கோணும். துளிர் தீய்ந்துபோனதும் மரம் பக்கத்திலே வேறு துளிர் விடும். அதையும் பூச்சி தின்னும். இவ்வாறு மரம் தன் சத்தையெல்லாம் துளிருக்கே செலவிட்டு ஓயும். இத்தனைக்கும் இது எங்கிருந்தோ வந்த அந்நியப் பூச்சியன்று. நிழல் நின்ற காலத்திலும் மலையில் இருந்தது. ஆனால் அங்கொன்று இங்கொன்றாக இருந்தது.

தகப்பனார் மருந்து டாங்கியை முதுகில் ஏற்றினார். பி.எச்.சி. என்ற மருந்து அது. வாளியில் கொட்டித் தடியால் கலக்குவார்கள். கலக்கும் தடி கிடைக்காவிட்டால் கை. மரம் தலைக்கு மேலே நிற்பதால் குழாயை மேல்நோக்கிப் பிடித்தே அடிக்கவேண்டும். அடித்ததில் பாதி இலையில் தங்கும். மற்றப் பாதி அடித்தவன்மேல் திரும்பி விழும். முகத்தில் கட்டிக்கொள்ள அம்மாவின் பழஞ்சேலைத் துண்டு ஒன்று இருந்தது. அதைத் தவிர வேறு கவசம் எதனையும் நான் கண்டதில்லை. மருந்தடிக்கும் ஆட்களுக்குப் பகலிலேயே வேலை முடிந்துவிடும். அதைச் சலுகையென்று மற்றவர்கள் பொறாமைப்பட்டனர்.

முதல் நாள் மருந்தடித்த மறுநாள் காலையில் ஐந்தாம் நம்பர் மலையின் சருகு முழுவதும் செத்த முசுறு. கூடுகள் வாடித் தொங்கின. அம்மாவுக்கும் அவருடன் காய் பறித்த பெண்களுக்கும் உண்டான சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. “மகராசனா இருக்கணும், கடி விட்டுச்சு” என்று ஒருத்தி என் தகப்பனாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஹெலொபெல்ட்டிசும் செத்துத்தான் இருந்தது. ஆனால் அது தன் முட்டைகளைக் காயின் தோலுக்குள்ளும் இளந்தண்டுக்குள்ளும் செருகி வைத்துவிடுகிறது. மெல்லிய இரண்டு மயிரிழைகள் மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முட்டை பொரித்து வெளிவந்த குஞ்சுகளுக்கு மலையில் பகையே இல்லை. மேய்ந்து திரிந்து பிஞ்சுகளைக் காவல் காத்த முசுறு போய்விட்டது, சிலந்திகளும் போயின. ஒரு மாதத்துக்குள் குண்டூசிகள் முன்னிலும் அதிகமாயின. மீண்டும் டாங்கி. மூன்று மாதத்துக்கொரு முறை என்றிருந்தது இரண்டு மாதமாயிற்று, பின் மாதமாயிற்று. கருகிய பிஞ்சுகளுக்கு மருந்து போதாமையே காரணம் என்று கங்காணி என் தகப்பனாரை ஏசினார். மருந்தைத் திருடி விற்கிறாயா என்றும் ஒரு முறை கேட்டார். தகப்பனார் அன்று இரவு சாப்பிடவில்லை.

தோட்டத்தின் எல்லை ஓடைக்கு அப்பால் ஒரு சிங்களப் பெரியவரின் வளவு இருந்தது. சிறுவர்கள் அவரைச் சீயா என்போம். ஒன்றரை ஏக்கருக்குள் அவர் வைத்திருந்த மரங்களைக் கணக்கிட முடியாது. பலா, தென்னை, கமுகு, சாதிக்காய், அவற்றில் ஏறிய மிளகு, இவற்றின் காலடியில் நாற்பது ஐம்பது கொக்கோ. ஓடையின் இந்தக் கரையில் பிஞ்சுகள் கருகிக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கரையில் காய்கள் பழுத்துத் தொங்கின. அங்கும் குண்டூசிப் பூச்சியை நான் தேடிக் கண்டிருக்கிறேன். ஒரு மரத்தில் ஒன்றோ இரண்டோ அகப்படும். முசுறு மட்டும் மரத்துக்கு மரம் வரிசை கட்டி நடந்தது.

அந்த வளவைச் சொர்க்கமென்று நான் எழுதினால் அது பொய். அடர்ந்த நிழலில் ஈரம் காயாது; மழைக்காலத்தில் பங்கசு பிடித்துக் காய் கறுத்து அழுகும். அணில் தின்றது பாதி. எங்கள் தோட்டத்தில் நல்ல ஆண்டொன்றில் ஒரு மரம் தந்த அளவை அவருடைய மரம் தந்திராது. ஆனால் அவர் மருந்துக்கு ஒரு சதமும் செலவிடவில்லை. கடைக்கடனுக்குக் காசு தேவைப்பட்டதால் பதினைந்து நாளுக்கொரு முறை காய் பறித்தார். அழுகியதை அப்போதே எடுத்துப் புதைத்தார். உடைத்த கோதையும் வெட்டிய வாழைத்தண்டையும் மரத்தடியில் மக்க விட்டார். கொக்கோப் பூவில் மகரந்தம் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றீக்கள் அப்படி மக்கும் கோதிலும் வாழைத்தண்டிலும்தான் பெருகுகின்றன என்பது சீயாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் மலையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த துரைக்கும் அது தெரியாது.

ஒரு நாள் ஓடையில் டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்த தகப்பனாரிடம் சீயா வந்தார். அந்தத் தண்ணீரில்தான் அவருடைய வீட்டார் குளிப்பது. சண்டைக்கு வருகிறார் என்று நான் பயந்தேன். அவர் தமக்குத் தெரிந்த தமிழில், “திமியாவை ஏன் கொல்றது? அவன் உன்கிட்டச் சம்பளம் கேட்டானா?” என்றார்.

“கடிக்குதுங்க பெரியவரே. பொம்பளையாளுங்க மரத்துக்கிட்டப் போக முடியல” என்றார் தகப்பனார்.

சீயா தம் கையை நீட்டிக் காட்டினார். முழங்கைக்கு மேல்வரை அடுப்புச் சாம்பல் பூசியிருந்தது. காய் பறிக்கும் நாளில் அவர் வீட்டில் எல்லாரும் அப்படிப் பூசிக்கொள்வார்களாம். சாம்பல் பூசிய தோலில் முசுறின் கால் நிற்பதில்லை. தகப்பனார் சிரித்துக்கொண்டார். மறுநாள் அம்மா பூசிக்கொண்டு போனபோது, “என்ன இது வேஷம்? காய்ல சாம்பல் ஒட்டினா யாரு பதில் சொல்றது?” என்று கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் போடவில்லை.

நான் படித்து விவசாயப் போதனாசிரியரானேன். உத்தியோகத்தின் ஆரம்பக் காலத்தில் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னர்தான், ஐந்தாம் நம்பர் மலையில் நடந்தது ஐந்தாம் நம்பர் மலையில் மாத்திரம் நடந்ததன்று என்பதை அறிந்தேன்.

இன்று மலேசியாவின் ஒரு பகுதியாக உள்ள சபா, 1963 வரை வட போர்னியோ என்ற பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்தது. 1950களில் அங்கே காட்டை வெட்டிக் கொக்கோ நட்டார்கள். பூச்சி கண்டதும் டீ.டீ.டீ., எண்ட்ரின், டீல்ட்ரின், பி.எச்.சி. எனக் கையிற் கிடைத்ததையெல்லாம் தெளித்தார்கள். தெளிக்கத் தெளிக்கப் புதிய பூச்சிகள் தோன்றின. இலை தின்னும் புழுக்கள், கூட்டைச் சுமந்து திரியும் புழுக்கள், பட்டையை வளையமாகக் குடைந்து மரத்தையே கொல்லும் ஒரு புழு. 1961 இல் அங்கு சென்ற கோர்டன் கொன்வே என்ற இளம் பூச்சியியலாளர், தெளிப்பதை நிறுத்துங்கள் என்றார். பட்டை குடையும் புழு மரத்துக்குள் இருக்கிறது. மருந்து அதைத் தொடுவதில்லை, அதைத் தேடி வரும் குளவிகளைத்தான் கொல்கிறது என்பது அவருடைய வாதம். காடு வெட்டிய இடத்தில் தானாக முளைத்து அந்தப் புழுவுக்கு வீடாயிருந்த ஒரு மரத்தையும் தேடி அழிக்கச் செய்தார். கூட்டுப் புழுவுக்கு மாத்திரம், ஏனைய பூச்சிகளை அதிகம் தாக்காத ஒரு மருந்தைச் சில காலம் பயன்படுத்தினார்கள். ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் திரும்பின. புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. கொன்வே பிற்காலத்தில் பெரிய பதவிகளை வகித்தார். அந்தத் தோட்டங்களில் அதுவரை டாங்கி சுமந்தவர்களைப் பற்றி நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

எறும்பைக் கொண்டு பூச்சியை அடக்குவதும் புதிதன்று. யாவாவின் கொக்கோ விவசாயிகள் கடியாத ஒரு கறுப்பெறும்பை வளர்த்து, இலைகளைக் கட்டிக் கூடாக்கி மரத்துக்கு மரம் மாற்றி வைத்து ஹெலொபெல்ட்டிசை அடக்கிவந்ததை, 1917 ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்த விஞ்ஞானி வான் டெர் கூட் எழுதிவைத்தார். ஆனால் எறும்பெல்லாம் நண்பன் என்று முடிவுகட்டவும் கூடாது. கானாவில் வேறொரு சாதி எறும்பு மாவுப்பூச்சிக்குக் கூடாரம் கட்டிக் காத்து வளர்க்கிறது. அந்த மாவுப்பூச்சியே கொக்கோவின் தண்டு வீங்கும் வைரசு நோயைப் பரப்புகிறது. பொற்கரை என்று அந்நாடு அழைக்கப்பட்ட காலத்தில், குடியேற்ற அரசாங்கம் அந்த நோயைக் கட்டுப்படுத்த விவசாயிகளின் மரங்களைக் கட்டாயமாக வெட்டிற்று. அதனால் எழுந்த கோபமும் 1948 ஆம் ஆண்டு அக்ராவில் வெடித்த கலகத்துக்கு ஒரு காரணமாயிற்று. அதே கானாவில் நிழல் கலைந்து வெயில் விழுந்த இடங்களிலேயே மூட்டுப்பூச்சிகள் திரளாகக் கூடுவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். அவற்றுக்கென லிண்டேன் தெளித்து வந்தார்கள். 1960களில் அந்த மருந்துக்குச் சாகாத பூச்சிகள் தோன்றிவிட்டன.

எங்கள் மலைக்கு வேறொரு விதமாக முடிவு வந்தது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டது. எழுபதுகளில் எங்கள் லயம் காம்பிரா காம்பிராவாக வெறுமையாயிற்று. கையெடுத்துக் கும்பிட்ட அந்தப் பெண்ணும் போனாள். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையும் மாறினார், காய் பறிக்கக் கைகளில்லை. பதினைந்து நாளில் பறிக்கவேண்டிய காய் இரண்டு மாதம் தொங்கிற்று. பழுத்தது அழுகிற்று, அழுகலிலிருந்து பங்கசு பக்கத்துக் காய்க்குத் தாவிற்று, எலி கூடு வைத்தது. இந்தோனேசியாவில் கொக்கோக் காய்க்குள் புகுந்து குடையும் ஒரு புழுவுக்குக் கண்ட முக்கிய பரிகாரம், வாரந்தோறும் தவறாமற் காய் பறித்துக் கோதைப் புதைப்பது என்று படித்தபோது நான் எங்கள் வெறும் காம்பிராக்களையே நினைத்தேன். பூச்சியின் வாழ்நாளை வெட்டுவது கத்தியும் கையுமானால், அந்தக் கைகளைக் கப்பலேற்றியவர்கள் பூச்சிக்கு என்ன செய்தார்கள் என்பதை எந்தத் திணைக்களமும் கணக்கிடவில்லை.

தகப்பனாருக்கு ஐம்பது வயதுக்கு முன்னரே கை நடுங்கத் தொடங்கிற்று. தேநீர்க் கோப்பையை இரு கையாலும் பிடிப்பார். தோட்டத்து டிஸ்பென்சர் உடம்புச் சூடு என்று ஒரு கலவை கொடுத்தார். 1981 இல் இறந்தார். மருந்தினால்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நிரூபிக்கும்படி யாரும் கேட்கவுமில்லை. லிண்டேனை உலக நாடுகள் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்த்தது 2009 இல். தகப்பனார் சுமந்த பி.எச்.சி.யில் பூச்சியைக் கொன்ற பாகம் இந்த லிண்டேன்தான்.

அண்மையில் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஐந்தாம் நம்பர் மலையின் ஒரு பகுதி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு வீட்டுத் தோட்டங்களாகியிருக்கிறது. ஒரு துண்டில் எங்கள் லயத்துப் பிள்ளையாய் வளர்ந்த ஒரு பெண் இருக்கிறாள். எனக்குத் தங்கை முறை. சீமைக்கிளுவையில் மிளகைப் படரவிட்டு, பழைய கொக்கோ அடிமரங்களிலிருந்து வெடித்த கிளைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். முசுறு ஏராளம். பிஞ்சுகளைப் பார்த்தேன், குத்து அதிகமில்லை.

“அண்ணே, இந்த எறும்புக்கு ஒரு மருந்து எழுதிக் குடுங்களேன். காய் பறிக்கக் கூலிக்கு வர்ற ரெண்டு பேரும், எறும்பு இருக்கிற மரத்துக்குக் கிலோவுக்குக் கூடக் கேக்குறாங்க” என்றாள்.

எறும்பை விட்டுவை, பிஞ்சைக் காப்பது அதுதான் என்றேன். “காப்பது சரி. கடி வாங்குறது அவங்கதானே?” என்றாள். அவள் சொன்னதற்கு மறுமொழி என்னிடமில்லை. கூடக் கேட்பது நியாயம், கொடு என்றேன். எவ்வளவு கூட என்று சிறிது நேரம் கணக்குப் பார்த்தோம். கொக்கோவின் விலையையும் மருந்தின் விலையையும் டாங்கி வாடகையையும் அவள் விரல்விட்டு எண்ணினாள். கொடுத்தாலும் மிஞ்சும் என்று கண்டாள்.

பிறகு நான் சீயாவின் கதையைச் சொன்னேன். அவள் நம்பாமற் சிரித்தாள். குசினிக்குள் போய், ஆறிய அடுப்பிலிருந்து ஒரு சிரட்டைச் சாம்பலை அள்ளிவந்து, முழங்கைக்கு மேல்வரை பூசிக்கொண்டு, அருகில் நின்ற மரத்தின் கிளையொன்றைப் பிடித்தாள். முசுறு நான்கைந்து கிளையிலிருந்து அவள் விரலுக்கு இறங்கின. மணிக்கட்டு வரை வந்து தடுமாறிக் கீழே விழுந்தன. “கழுத்துக்கும் பூசணும் போல” என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் சிரட்டைக்குக் குனிந்தாள்.